லாகூர் யாருக்கு?

"லாகூர விட்டா பஞ்சாபுல என்ன இருக்கு? கோட்ட இன்னும் மேற்கால தள்ளுடே!"

ராஜபாளையம் காப்பிக் கிளப்பில் பத்திரிகையில் வந்த தேசப்படத்தை விரித்து, ஆளுக்கொரு கோடு கரித்துண்டால் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நாடு துண்டாகப் போகிற வருஷம். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்?

கிறிஸ்துராஜ் உள்ளே போகத் தயங்கி வாசலில் நின்றான். விடியற்காலையில்தான் அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

ஞானஸ்நானம் எல்லாச் சாதிக்கும் ஒரே தண்ணீர்தான். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவே சுவர். அவன் ஜனத்துக்கு ஒதுக்கிய பக்கம் வெறும் பாறை. கடப்பாரை இறங்க மறுத்தது. மறுபக்கம் நல்ல செம்மண். அதற்குக் கோயில் பெரியவர் அருளப்பன் சம்மதிக்க வேண்டும்.

அந்த அருளப்பன்தான் கிளப்புக்குள் மேசையைக் குத்தினார்.

"கோடாம் கோடு! ஒரே ஆத்துத் தண்ணியக் குடிச்சவன, நீ அங்கிட்டு, நான் இங்கிட்டுன்னு பிரிக்க இந்த வெள்ளக்காரன் யாருவே? வயிறு எரியுது!"

கிறிஸ்துராஜுக்கு உயிர் வந்தது. இந்த மனுஷனிடம் கேட்கவா இத்தனை நேரம் பயந்து நின்றோம்?

மூலையில் பருத்தி வியாபாரி மதார் சாகிப் வாயே திறக்கவில்லை.

"என்ன பாய், உமக்கு எந்தப் பக்கம்?" என்று ஒருவர் சீண்ட, கிளப்பே சிரித்தது.

சாகிப் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜுக்கே எரிச்சலாக வந்தது. அருளப்பன் ஐயா இந்தத் துடி துடிக்கிறார், இவர் ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

துணிந்து படியேறினான்.

"ஐயா, அம்மா செத்துப்போச்சு. எங்க பக்கம் குழி எறங்கல. உங்க பக்கம் ஒரு மூலையில..."

அருளப்பன் முகம் கறுத்தது.

"ஏலே, என்ன பேச்சுப் பேசுத? எங்க பாட்டன் கட்டுன சுவருலே அது! இன்னைக்கு ஒங்காத்தா, நாளைக்கு ஒங்க தெருவே வரும். போயி பாறைய ஒடச்சுத் தோண்டு!"

"வெயிலு ஏறுது ஐயா. பொணம் தாங்காது."

அருளப்பன் படத்துக்குத் திரும்பிவிட்டார். "வங்காளத்த எங்கன வெட்டுதான், பாரும். அநியாயம்!"

செத்த பிறகுமா? அழக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிறிஸ்துராஜ் தெருவில் இறங்கினான்.

பின்னால் மதார் சாகிப் வேகமாக வந்தார்.

"தம்பி, நில்லு. சேத்தூர் ரோட்டுல எங்க தோட்டம் இருக்கு, மண்ணு எளக்கம். எங்கம்மாவ அடக்குன எடத்துக்குப் பக்கத்துலயே ஒங்கம்மாவயும் வச்சிருவோம், வா."