தப்புக்குக் கைதட்டு

"தப்பா சொன்னா கைதட்டுறீங்களாமே, சார்?"

மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்ற அம்மாவைப் பார்த்ததும், கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஆமாங்க. மேஜையைக்கூடத் தட்டுவோம்."

"சிரிக்காதீங்க சார். நேத்து என் பொண்ணு வீட்டுக்கு வந்து, 'இன்னைக்கு எனக்குத்தாம்மா பெரிய கைதட்டு'ன்னு குதிக்கிறா. என்னடி சாதிச்சேன்னு கேட்டா, எல்லாக் கணக்கையும் தப்பா சொன்னாளாம்!"

"யாரு, வாண்டுவா?"

வீட்டில் செல்லமாக வைத்த பெயர் இங்கேயும் வந்துவிட்டதா என்று அம்மாவுக்கு எரிச்சல் கூடியது.

"பின்னக் கணக்கைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா சார் அவ. இங்கே வந்தா மட்டும் எப்படி மறந்து போகுது? கடையில நான் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டுக் கைதட்டுங்கன்னு நிக்க முடியுமா?"

"ஐயையோ, நிக்காதீங்க. அதுக்குத்தான் தப்பையெல்லாம் இங்கேயே பண்ணி முடிச்சிடுங்கன்னு சொல்றேன்," என்றார் வாத்தியார். "அடுத்த பீரியட் அவங்க வகுப்புதான். கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்களேன்."

மணி அடித்தது. அஞ்சாம் வகுப்பு தடதடவென்று உள்ளே வந்தது. அம்மாவைக் கண்டதும் வாண்டு சந்தோஷமாகக் கையசைத்தாள். அம்மா முறைத்தார்.

"மூணில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு. ரெண்டையும் கூட்டினா?"

வாண்டுதான் முதலில் எழுந்தாள்.

"ஒன்பதில் ரெண்டு பங்கு, சார்!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். போன வாரம் இதே கணக்கைச் சாப்பிட்டுக்கொண்டே போட்டவள்!

வகுப்பே எழுந்துவிட்டது. கைதட்டல், மேஜைத் தாளம், ஜன்னலோரத்திலிருந்து ஒரு விசில். வாண்டு இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைத்தாள்.

"பிரமாதம். இப்ப பாருங்க," என்றார் வாத்தியார். "ஒன்பதில் ரெண்டு, மூணில் ஒண்ணைவிடச் சின்னது. கூட்டினா குறையுமா? எங்கே வழுக்கினோம்?"

ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. கூடவே வாண்டுவுக்குப் பக்கத்தில், தூக்கலாமா வேண்டாமா என்பதுபோல் தோள்வரைக்கும் மட்டும் வந்த இன்னொரு கை. வாத்தியார் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ சொல்லும்மா."

அந்தப் பெண் எழுந்தாள். "ஆறில்... ரெண்டு?"

"தப்பு! ஆனா கிட்ட வந்துட்டோம்!"

இந்த முறை மேஜைகள் உடையாதது அதிசயம். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். வாண்டு பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள்.

அப்புறம் ஒரு பையன், "ஆறில் மூணு, அதாவது பாதி" என்றான். "சரி" என்று வாத்தியார் எழுதிப் போட்டார். அவனுக்குக் கைதட்டு இல்லை.

சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடியதும் அம்மா அதைத்தான் கேட்டார்.

"சரியா சொன்னவனுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"அவனுக்குச் சந்தோஷம் விடையிலேயே கிடைச்சிடுதுங்க. தப்பா சொன்னவங்களுக்குத்தான் நாம குடுக்க வேண்டியிருக்கு. ஆனா உங்க பொண்ணு விஷயம் எனக்கும் புரியல. பேப்பர்ல நூத்துக்கு நூறு எழுதறா. வாயைத் திறந்தா மட்டும் தப்பு."

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு சார்? கைதட்டு ருசி கண்டுட்டா. தெரிஞ்சே தப்பா சொல்றா!"

வாத்தியாரின் முகம் வாடிவிட்டது.

"அப்படின்னா நான் கெடுத்துத்தான் வச்சிருக்கேன். நாளையிலேர்ந்து நிறுத்திடறேங்க."

வாசலில் வாண்டு காத்திருந்தாள்.

"நாளையிலேர்ந்து கைதட்டு கிடையாது. சாரே ஒத்துக்கிட்டார்," என்றார் அம்மா.

வாண்டுவின் கண் குளமாகிவிட்டது.

"பாத்தியா? கைதட்டுன்னா அவ்வளவு ஆசை!"

"எனக்கு எதுக்கும்மா? அவளுக்குத்தான்."

"எவளுக்கு?"

"என் பக்கத்துல உக்காந்திருக்கால்ல, புதுப் பொண்ணு. இங்கே வந்து சேர்ந்ததிலேர்ந்து அவ வாயே திறந்ததில்லம்மா. தப்பாயிடுமோன்னு பயம். இன்னைக்குத்தான் முதல் தடவையா கை தூக்கினா. நாளைக்கு யாரும் தட்டலைன்னா மறுபடி மூடிக்குவா."

"சரிடி. அவ தப்பா சொல்லட்டும். நீ ஏன் சொல்ற?"

வாண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"நான்தான் வகுப்புலேயே பெரிய மக்குன்னு அவ நினைச்சுட்டிருக்காம்மா. 'நீயே சொல்றே, நான் சொன்னா என்ன'ன்னு இன்னைக்குக் காலையிலகூடச் சொன்னா. அந்தத் தைரியத்துலதான் கை தூக்கினா. நீ போய் உடைச்சிடாதேம்மா, ப்ளீஸ்."

அம்மா விறுவிறுவென்று வகுப்புக்குள் திரும்பினார்.

வாத்தியார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டுத் திரும்பிய அந்தப் புதுப் பெண், முன் பெஞ்சில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க கைதட்டை நிறுத்த வேண்டாம்."

"என்னங்க இது? உங்க பொண்ணு தெரிஞ்சே தப்பா சொல்றான்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அதெல்லாம் சும்மா கோவத்துல சொன்னேன் சார்," என்றார் அம்மா, மகள் மாநிலத்திலேயே முதலாவதாக வந்துவிட்டதுபோன்ற பெருமையுடன். "என் பொண்ணு கொஞ்சம் மக்குதான்!"