ஓணானுக்குச் செய்த குளிர் அலமாரி

ஆண்டுக்காண்டு ஏறிய வெயில் திருநெல்வேலியில் அன்று ஐம்பத்துநான்கு டிகிரியைத் தொட்டிருந்தது. தச்சர் ஜெபராணி, கேட்டதைவிடப் பெரிதாகத் தான் செய்த தேக்கு அலமாரியை அருணாசலத்தின் கூடத்தில் பொருத்தி முடித்ததும் மின்சாரம் போய்விட்டது. அருணாசலம் வளர்க்கும் ஓணானுக்கான அந்த அலமாரிக்குள் மட்டும் பேட்டரியால் குளிர் நிலைத்தது.

அவர் மகள் பத்து நாள் குழந்தையோடு ஓடி வந்தாள். "அப்பா, பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்கு. அழக்கூட மாட்டேங்கு!"

அருணாசலம் ஓணானை வெளியே எடுத்தார். ஜெபராணி உள்ளிருந்த கிளைகளை அகற்றி, குழந்தையைக் கிடத்தி, மூச்சுவிடக் கண்ணாடிக் கதவைச் சற்றே திறந்து வைத்தாள்.

"ஓணானையும் ஓரமா வைக்கலாமே, ஐயா?"

"வேண்டாம்மா. பச்சப்புள்ள. கடிச்சிரும்."

மாலையில் குழந்தை பசித்து அழுதது. ஈரத்துண்டில் சுற்றி அவர் மடியில் வைத்திருந்த ஓணான் அசையவில்லை.

"நீ பெரிசா செஞ்சது நல்லதாப் போச்சும்மா," என்றார் அவர், துண்டை விலக்காமலே.