பதினேழாவது கேள்வி

கணக்குப் பரீட்சை முடிந்ததும் ஆடும் கோழியும் ஆமையும் வாசலில் கூடின.

“பதினேழாவது கேள்விக்கு என்ன போட்டே?” என்றது ஆடு.

“பி,” என்றது ஆமை. அந்தக் கணக்கை அது மூன்று முறை செய்து பார்த்திருந்தது.

“நான் டி போட்டேன்,” என்றது ஆடு.

“நானும் டிதான்!” என்று துள்ளியது கோழி.

“அப்போ எனக்குத்தான் தப்பு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமை வீட்டுக்குக் கிளம்பியது. அது தெருமுனை தாண்ட வெகுநேரம் ஆயிற்று. அதுவரை இரண்டும் சிரித்த முகமாகவே நின்றன.

பிறகு ஆடு மெதுவாகக் கேட்டது: “அந்தக் கணக்கை எப்படிச் செய்தே?”

“உன் தாளைப் பார்த்துத்தான் போட்டேன். நீ எப்படிச் செய்தே?”

ஆடு தெருமுனையைப் பார்த்தது.

“இங்க்கி பிங்க்கி பாங்க்கி.”