ஒயர் தூக்கியவர்

பழைய பாய்மரக் கப்பலை டிரெய்லரில் ஏற்றி மாடம்பாக்கம் அருங்காட்சியகத்தில் சேர்த்த பிறகுதான் டிரைவர் சிவகுமாருக்கு மூச்சு வந்தது. வழியெல்லாம் தாழத் தொங்கிய ஒயர்களைக் கப்பல் மேலிருந்து மூங்கில் கொம்பொன்று அழகாகத் தூக்கிவிட்டிருந்தது.

"ஜெயவேலு அண்ணா, எறங்கு! டீ குடிக்கலாம்!" என்று மேலே பார்த்துக் கத்தினான்.

பின்னால் பைக்கில் வந்து நின்றார், ஒயர் தூக்க மேலே ஏறியிருக்க வேண்டிய ஜெயவேலு. "பொழிச்சலூர்ல கெளம்பும்போது நான் ஏர்றதுக்குள்ள வண்டிய எடுத்துட்டியேப்பா! பைக் ஒண்ணு தேடிப் புடிச்சித் தொரத்திக்கினே வரேன்."

"மேலேர்ந்து 'போலாம்'னு தட்டினாங்களே, அதான் எடுத்தேன். அப்ப மேல யாரு?"

ஜெயவேலு அண்ணாந்து பார்த்தார். கொம்பு மட்டும் சாய்ந்து நின்றது.

"யாரா இருந்தா இன்னா? ஒரு ஒயராவது அறுந்துதா? அவருக்கும் ஒரு டீ சொல்லு."

கப்பல் விளிம்பில் மூன்றாவது டீயை வைத்துவிட்டு இருவரும் நிம்மதியாகக் குடித்தார்கள். கிளாஸ்களைத் திருப்பித் தரும்போது பார்த்தால், மூன்றாவதும் காலி. வாய் வைத்த இடத்தில் உப்புப் பூத்திருந்தது.