வலது காலுக்கு அடித்த யோகம்

இன்னாசிமுத்துவின் வலது காலுக்குத் தலைகால் புரியவில்லை.

இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்; அதில் இன்னாசிமுத்துவும் ஒருவர். அந்தக் கோயிலில் ஆளுக்கு ஒரு கால்தான் கழுவுவார்கள், அதுவும் வலது கால்தான்.

"ஊரே பார்க்க சாமியார் என் முன்னால முழங்கால் போடப்போறார்டா!" என்று அது இடது காலிடம் குதித்தது. ஒரு வாரமாகப் பித்தவெடிப்பைத் தேய்த்து, நகம் வெட்டி, வாசனைப் பவுடரும் பூசிக்கொண்டது.

"ரொம்ப சந்தோஷம்ண்ணே," என்றது இடது கால்.

அன்றைக்கென்று பார்த்துக் கோடைமழை கொட்டியது. "சேறு வந்தா நீ இறங்கு, நான் அந்தரத்துல வர்றேன்," என்று வலது கால் சொல்லிவிட, இன்னாசிமுத்து செருப்பில்லாமல் கோயில்வரை நொண்டியடித்தே போய்ச் சேர்ந்தார்.

சாமியார் தண்ணீர் பேசினோடு வந்து முழங்கால் போட்டார். வலது கால் விசுக்கென்று முன்னால் நீண்டு கமகமத்தது. கணுக்கால்வரை சேறு அப்பியிருந்த இடது கால், பெஞ்சுக்கு அடியில் ஒளியப் பார்த்தது.

"இதுல கழுவ என்னய்யா இருக்கு? அதை நீட்டும்!" என்று சாமியார் இடது காலைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ சாமி, நான் போய்…" என்று அது நெளிந்தது. சாமியார் சேறெல்லாம் கழுவித் துடைத்து, குனிந்து முத்தமும் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், இடது கால் கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்து ஓர் உதை விட, பேசின் கவிழ்ந்து சேற்றுத் தண்ணீர் மொத்தமும் வலது காலின் மேல் கொட்டியது.

பவுடர் குழைந்து வழிய, வலது கால் மெல்ல முன்னால் நகர்ந்தது.

"சாமி, இப்ப நானும் அழுக்குதான்."