தேக்கு ஸ்டாண்டு

தேவசகாயம் வீட்டு ஹாலில், அக்காவும் தங்கையுமாக இரண்டு பழைய ஸ்பீக்கர்கள் தரையில் குடியிருந்தார்கள். "தரையில வெச்சா சத்தம் கணீர்னு வராது, காது உயரத்துக்கு ஏத்தணும்" என்று அவர் ஸ்டாண்டு செய்ய உட்கார்ந்தார். அதுவரை பாட்டு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

ஆறு மாதம் தேக்கை அறுத்தார், இழைத்தார், ஆடாமலிருக்கக் காலுக்குள் மணல் நிரப்பினார், மூன்று முறை வார்னிஷ் அடித்தார்.

"நமக்காக மனுஷர் எப்படி உழைக்கிறார் பாருடி" என்று அக்கா உருகினாள்.

பாடாமல் தங்கைக்குத் தொண்டை அரித்தது. "உழைக்கட்டும். நடுவில ஒரே ஒரு பாட்டு போட்டா கை சுளுக்கிக்குமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் தூக்கி ஸ்டாண்டின் மேல் வைத்தார். தங்கை தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"யக்கா, அசையாம உட்காருங்க, என் பாலிஷ் கீறுது" என்றது ஸ்டாண்டு.

அவர் நாலடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பளபளக்கும் தேக்கின் மேல் நிறம் போன இரண்டு பெட்டிகள்! முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் அக்காவும் தங்கையும் பரணில் கிடந்தார்கள். கீழே அவர் போனில் யாரிடமோ பூரித்துக்கொண்டிருந்தார்: "ஸ்டாண்டு பிரமாதமா அமைஞ்சிடுச்சு சார். இதுக்குப் பொருத்தமா ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் கிடைக்க மாட்டேங்குது."