வெள்ளை ஆடி ஜெயிக்கும்

"அம்மிணி, கூடையை அப்படியே எறக்கி வெச்சுட்டு வா. ஒரு செஸ் பசில் போடோணும்!"

கொழுந்து எடை போடும் வரிசையில் நின்றிருந்த கலைமதி திரும்பிப் பார்த்தாள். சூப்பர்வைசர் சில்வஸ்டர் மூச்சு வாங்க நின்றிருந்தார். எஸ்டேட்டின் செஸ் டீமுக்கு அவர்தான் கேப்டன். பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். டீமுக்கு டீயும் பன்னும் ஏற்பாடு செய்கிற கேப்டன்.

"இன்னிக்குக் குன்னூர் டீமோட மேட்ச்சுன்னு சொன்னீங்களே?"

"அதுலதான் அம்மிணி. மூணு போர்டு முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் சமம். மிச்சம் இந்த ஒரு பசில்தான். நாம போட்டா கப்பு இங்கயே இருக்கும். போடலைன்னா குன்னூருக்குப் போயிரும்."

"நம்ம டீம்ல ஆடற பாபு அண்ணன் இருக்காருங்களே?"

"ஃபேக்டரில டிரையர் நின்னுபோச்சுன்னு அவனைக் கூப்பிட்டுட்டாங்க. பசிலுன்னா உன்னைய விட்டா இங்க ஆரு இருக்கா?"

அது உண்மைதான். எடை வரிசையில் நிற்கிற கால் மணி நேரத்தில் ஃபோனில் பத்துப் பசில் போட்டுவிடுவாள் கலைமதி. ஆனால் ஆட்டம் என்றால் மட்டும் ஆகாது. பிளஸ் டூ படிக்கும்போது ஊட்டியில் மாவட்ட ஃபைனல். ஜெயிக்கிற நிலையில் கை நடுங்கி, காய்களைத் தட்டிவிட்டு, அத்தனை பேர் முன்னால் அழுதுகொண்டே வெளியே ஓடியவள். ஒன்பது வருடமாக ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. வருடா வருடம் கூப்பிட்டுப் பார்த்து சில்வஸ்டருக்கே அலுத்துவிட்டது.

"நெஜமா பசில்தானுங்களே? ஆட்டம்னா நான் வரமாட்டேனுங்க."

"பசிலேதான். வெள்ளை ஆடி ஜெயிக்கோணும்."

"அப்பச் சரிங்க. பசில்ல பயமில்லீங்க. ஜெயிக்கற மூவ் ஒண்ணு உள்ள இருக்குன்னு முன்னாலயே தெரியும். தேடுனாப் போதும்."

"எதிர்ல குன்னூர் ஒச்சப்பன் உக்காந்திருப்பாரு. கறுப்பை நகர்த்த ஒரு ஆளு வேணுமில்ல? அவரை நீ பாக்கவே வேண்டாம். பேசவும் கூடாது, ரூலு. இருபது நிமிஷம் இருக்கு."

அரவேணு எஸ்டேட் ஹாலில் முப்பது பேர் கூடியிருந்தும் இருமல் சத்தம் கூட இல்லை. ஒச்சப்பன் காலை நீட்டி, வர்க்கியை டீயில் நனைத்துச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கலைமதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள்.

வெள்ளையின் நிலை பரிதாபம். காய்கள் குறைவு. அடுத்த மூவில் கறுப்பு மேட் வைத்துவிடும். 'அடடா, நல்ல பசில்!' என்று அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

ஒவ்வொரு செக்காக மனதுக்குள் கொடுத்துப் பார்த்தாள். ராணியை நகர்த்தினால் குதிரை போய்விடுகிறது. குதிரையை நகர்த்தினால் ராஜா தப்பித்துவிடுகிறார். பத்து நிமிடம் போயிற்று. பதினான்கு போயிற்று. சில்வஸ்டர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்திருப்பார்கள். கலைமதி அசையவில்லை. மூவ் இருக்கிறது, எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே?

நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது.

யானையைக் கொண்டுபோய்க் கறுப்பின் கடைசி வரிசையில் வைத்து செக் கொடுத்தாள். ஒச்சப்பன் சிரித்துக்கொண்டே தன் யானையால் அதை வெட்டினார். கலைமதியின் குதிரை விலகியது, குதிரையும் பின்னால் நின்ற ராணியும் சேர்ந்து இரட்டைச் செக். ராஜா மூலைக்கு ஓடினார். வர்க்கி பாதியில் நின்றது.

இப்போது கலைமதி தன் ராணியைத் தூக்கி அந்த ராஜாவின் பக்கத்துக் கட்டத்திலேயே வைத்தாள். ஹாலில் யாரோ "ஐயையோ!" என்றார்கள். ராஜாவால் அதை வெட்ட முடியாது, குதிரை காவல் நிற்கிறது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியது. சொந்த யானையும் சிப்பாய்களும் சுற்றி நிற்க, ராஜாவுக்கு நகர இடமில்லை.

குதிரை ஒரே தாவல்.

"மேட்டுங்க."

கை நடுங்கவே இல்லை. ஹால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. ஒச்சப்பன் எழுந்து நின்று கை கொடுத்தார். "முப்பது வருசமா ஆடறேன் தாயி, இப்படி ஒரு அடி வாங்குனதில்ல" என்றார். கறுப்பை நகர்த்தினவருக்கு இதில் என்ன வருத்தம் என்று கலைமதிக்குப் புரியவில்லை. ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. நேராக சில்வஸ்டரிடம் ஓடினாள்.

"செம பசிலுங்க! எந்தப் புஸ்தகத்துல எடுத்தீங்க?"

"புஸ்தகமா? அது பாபு பாதில விட்டுட்டுப் போன ஆட்டம் அம்மிணி. வேலைக்குக் கூப்பிட்டுட்டா ஆள் மாத்திக்கலாம்னு நம்ம எஸ்டேட் மேட்ச்சுல வழக்கம். உன்னைய உக்கார வைக்க எனக்கு வேற வழி தெரியல."

கலைமதி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... ஜெயிக்கற மூவ் இருக்குன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"எனக்கெங்க தெரியும்? தோத்தாச்சுன்னு கப்பைத் தொடைச்சு ஒச்சப்பன் ஜீப்புல வெச்சுட்டுத்தான் உன்னையக் கூப்பிடவே வந்தேன். இரு, ஓடிப்போய் எடுத்துட்டு வர்றேன்!"